தள்ளிப்போட ஓர் உதாரணம்

மாலை ஆங்கில வகுப்பில் டீச்சருக்கு ஒரே சட்டம்தான்: உதாரண வாக்கியம் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும், கதை விடுகிறவர்கள் வெளியே போகலாம். அன்று பலகையில் ‘புட் ஆஃப்’ என்று எழுதி, தள்ளிப்போடுவது என்று விளக்கினார். ஆளாளுக்குத் துணி துவைப்பதையும் பல் டாக்டரையும் தள்ளிப்போட்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து தையல்காரி ஒருத்தி எழுந்தாள். மார்பில் கட்டி வந்து நாலு மாதமாகிறது, டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறேன் என்று தப்பில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். டீச்சர் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தார்.

“சும்மா உதாரணத்துக்குச் சொன்னியாம்மா?”

“நீங்கதானே டீச்சர், பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க.”

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

“மத்தவங்க வீட்டுக்குப் போங்க. பாடத்தைத் தள்ளிப்போடலாம். நீ செருப்பை மாட்டு, என்னோட கிளம்பு.”