அக்காவின் சில்லி பாடியும் என் கறுப்புப் பொடியும்

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணிச் சாயத் தொழிற்சாலையில் என் அக்கா வேலை செய்கிறாள். வேலை முடிந்து வரும்போது அவள் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலத்தைத் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் என் முதுகலை ஆய்வு. முப்பத்தெட்டு வயதில் படிக்கப் போனவள் நான். ரோஷம் கொஞ்சம் தூக்கல்.

என் கையிலிருந்தது ஒரு கறுப்புப் பொடி. இரும்புத் துருவுக்கு உறவுதான். துகள் ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாது. சாயத் தண்ணீரில் அமிலம் கொஞ்சம் விட்டு, பெராக்சைடு ஊற்றி, இதைப் போட்டால் சாயம் உடையும். பிறகு பாத்திரத்துக்கு வெளியே காந்தத்தை வைத்தால் பொடி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். கழுவி மறுபடி போடலாம்.

அனுமதி வாங்கி அக்காவின் தொழிற்சாலையிலிருந்து துணி அலசிய தண்ணீரைக் கொண்டுவந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் நீலம் போயே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அலமாக்! இது எங்க தண்ணியா?" என்று வாயைப் பிளந்தாள் அக்கா.

"உங்க தண்ணியேதான்க்கா. செடிக்கே ஊத்தலாம் லா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வாசலில் மூன்று தொட்டிகளில் சில்லி பாடி என்கிற குட்டி மிளகாய் வைத்திருந்தாள். இரண்டு தொட்டிக்கு ஊற்றினாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ரெண்டும் செத்துக் கிடக்கு, வந்து பாரு. கலர் போச்சு, சரி. அதுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

போனை வைத்ததும்தான் உறைத்தது. அமிலத்தை முறிக்கவில்லை, மிச்சப் பெராக்சைடைச் சோதிக்கவில்லை. படித்தவள் செய்கிற வேலையா இது? வெட்கமாக இருந்தது.

என் மேற்பார்வையாளர் நல்ல மனுஷி. நிறம் போனதே போதும், ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். இன்னொரு பருவம் கேட்டு வாங்கினேன். என்னோடு சேர்ந்தவர்கள் பட்டமளிப்பு அங்கியில் படம் எடுத்து அனுப்பியபோது நான் ஆய்வுக்கூட ஜன்னலோரம் மிளகாய் நாற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பெராக்சைடைக் குறைத்தேன். கடைசியில் அமிலத்தை முறித்தேன். உடையாமல் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அளந்தேன். அப்புறம்தான் நாற்றுக்கு ஊற்றுவேன். முதல் தொகுதி துவண்டது. இரண்டாவது மஞ்சளானது. "செத்தா சாவு, நான் விடப் போறதில்ல" என்று நாற்றையே திட்டினேன். மூன்றாவது நிமிர்ந்து நின்றது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன்.

மறுபடியும் ஒரு போத்தலோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே செடி, அதுவும் பூத்திருந்தது. அதைத் தொடவேண்டாம் என்று கடையிலிருந்து ஒரு நோஞ்சான் செடியும் வாங்கிப் போயிருந்தேன்.

அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போத்தலைப் பிடுங்கிப் பூத்த செடிக்கு முழுசாக ஊற்றினாள்.

"ஐயோ அக்கா, அதுக்கா?"

"பின்ன? நீயே நம்பலன்னா எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

அந்த வாரம் முழுக்க நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பாமல் அக்கா வீட்டிலேயே தங்கினேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாசலுக்குப் போய் எண்ணினேன். பதினொரு பூ. ஏழாம் நாளும் பதினொன்று இருந்தது. அதில் இரண்டு பிஞ்சாகியிருந்தது.