கடலில்லாத ஊரில் கப்பல் தேடுகிறேன்

கடல் இல்லாத காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, கப்பல் ஏறிப் போனவர்களைத் தேடித் தருவது என் தொழில். முதலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடிக்கும் கடைதான் வைத்திருந்தேன். ஒருநாள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய காகிதம் ஒன்றின் நகலை நீட்டி, இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அதோடு என் பிழைப்பு திசை மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நீராவிக் கப்பல்கள் எங்கள் பக்கத்து ஜனங்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிப் போயின. பெயர், அப்பா பெயர், வயது, உயரம், உடம்பிலுள்ள தழும்பு, ஊர் எல்லாம் கப்பல் பதிவில் இருக்கும். அவர்களுடைய வாரிசுகள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் ஊரைக் கண்டுபிடிப்பேன். என் வீட்டுக்காரர் டேவிட் காரில் கூட்டிப் போவார். கேட்பதற்கு சுலபமாகத்தான் இருக்கும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

சக்கரம் வைத்த கப்பல்

டர்பனிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். புத்தகம் மாதிரியே பேசுவார். தன் பாட்டனாரின் அப்பா, இரண்டு பக்கமும் பெரிய சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு போகும் கப்பலில் வந்தார் என்பது அவர்கள் குடும்பத்துக் கதை. கப்பலின் பெயரை வைத்துத் தேடினேன். அது சக்கரக் கப்பல் இல்லை.

பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஆரம்ப காலத்து நீராவிக் கப்பல்களுக்குச் சக்கரம் இருந்தது உண்மை. ஆனால் நடுக்கடலில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்துச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். அதனால் தூரப் பயணக் கப்பல்களுக்கு, பின்னால் தண்ணீருக்கு அடியில் சுற்றும் விசிறி வந்தது. சக்கரக் கப்பல்கள் பெரும்பாலும் ஆற்றோடு நின்றுவிட்டன. உங்கள் பெரியவர் போனது விசிறிக் கப்பலில் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. குடும்ப விழாவுக்காக அறுபது டீ-ஷர்ட்டில் சக்கரக் கப்பல் படம் போட்டு வைத்திருக்கிறாராம். பிறகு சொன்னார்:

"சட்டைகள் அச்சாகிவிட்டன, அம்மா. இனிக் கப்பலைத்தான் மாற்ற வேண்டும்."

எந்தப் பாக்கம்?

பதிவு எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரின் முன்பாதி பூச்சி அரித்து, பின்னால் 'பாக்கம்' மட்டும் மிச்சமிருந்தது. எங்கள் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பாக்கத்தில்தான் விழ வேண்டும். வாலாஜாபாத் ரோட்டு டீக்கடைக்காரரிடம், நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறிப் போனவர்கள் உள்ள பாக்கம் எது என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்:

"பஸ் நிக்கிற பாக்கமா, நிக்காத பாக்கமா?"

ஏழு நாள் பயணம்

செவிலிமேட்டில் எங்கள் தெருவிலேயே, நீராவிக் கப்பலில் நிஜமாகவே பிரயாணம் செய்த ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பினாங்கிலிருந்து அப்பா அம்மாவோடு டெக் டிக்கெட்டில் வந்தவர். அதாவது அறை கிடையாது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கப்பலைப் பற்றி ஒரு வரியாவது கிடைக்காதா என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் ரெக்கார்டிங் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். புகைபோக்கி எப்படி இருந்தது, இன்ஜின் சத்தம் கேட்குமா, சாப்பாடு என்ன, கடலைப் பார்த்து என்ன தோன்றியது என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏழு நாளும் வாந்திதாம்மா எடுத்துக்கினு இருந்தேன். வேற என்னா இருக்குது சொல்றதுக்கு?"

ரங்கூனா, வாலாஜாபாத்தா?

நம்மூர் நெசவுக்காரர் குமரேசன் ஒருநாள் மனைவியோடு கடைக்கு வந்தார். அவருடைய தாத்தா பட்டுப்புடவை மூட்டையோடு ரங்கூனுக்குக் கப்பலேறி, அங்கிருந்து சக்கரக் கப்பலில் ஐராவதி ஆற்றோடு மேலே போய், கப்பல் நிற்கும் துறைகளில் எல்லாம் வியாபாரம் செய்தாராம். மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்பினாராம். அதற்கு ஆதாரமாக ஒரு பத்திரம் வேண்டும் என்றார். விஷயம் என்னவென்றால், அவருடைய சித்தப்பா, "பர்மாவும் இல்ல, கிர்மாவும் இல்ல. அந்த மூணு வருஷமும் வாலாஜாபாத்துல இன்னொருத்தி வீட்ல இருந்தாரு" என்று கல்யாணப் பந்தலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஒப்பந்தக் கூலிகளுக்குத்தான் ஆள்வாரியாகப் பதிவு உண்டு. டிக்கெட் வாங்கி டெக்கில் போனவர்களுக்கு அப்படி எதுவும் என் கைக்கு இதுவரை கிடைத்ததில்லை. இதைச் சொன்னதும் குமரேசன், "அப்ப சித்தப்பா சொன்னது நெஜம்னு நீயே சொல்ற மாதிரி ஆயிடுதே!" என்று எகிறினார். அதுவரை வாயைத் திறக்காத அவர் மனைவி எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

"கப்பல்ல போனாரோ வாலாஜாபாத் பஸ்ல போனாரோ, மனுசன் திரும்பி வந்தப்புறம்தான் உங்கப்பாவே பொறந்தாரு. கெளம்புங்க, தறிக்குப் பாவு பிடிக்க ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

அடுத்த வரி

தேவிகா டர்பனில் நர்ஸ். அவர் வைத்திருந்தது, தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கப்பல் பதிவில் இருந்த ஒரே ஒரு வரியின் நகல். முனியம்மா, வயது இருபத்திரண்டு, இடது புருவத்தில் தழும்பு, பாலாற்றங்கரையில் ஓர் ஊர். இளம் பெண் ஏன் ஒண்டியாகக் கப்பலேறினாள் என்பதுதான் அவர் கேள்வி. அவர் வருவதற்கு முன் பதிவு முழுவதையும் நான் பார்த்தேன். முனியம்மா ஒண்டியாகப் போகவில்லை. அடுத்த வரியில் பெண் குழந்தை, வயது மூன்று, தாய் முனியம்மா என்று இருந்தது. ஓரத்தில், கப்பலிலேயே இறந்தது என்று எழுதியிருந்தது. அப்படி என்றால் கடலில்தான் விட்டிருப்பார்கள்.

"ஊரைப் பாக்க ஆசையா வராங்க. சாவு சேதிய எதுக்குச் சொல்ற?" என்றார் டேவிட். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த ஊர் காலனியில் முனியம்மாவின் சொந்தம் என்று சொல்ல யாருமில்லை. ஆனாலும் பெண்கள் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, தேவிகாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான்தான் மொழிபெயர்ப்பு. ஒரு பெண், "அந்த அம்மாவுக்கு இங்க கொழந்த குட்டி எதுனா இருந்துச்சான்னு கேளும்மா" என்றாள்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கேள்வியை இங்கிலீஷில் சொன்னேன். பிறகு பதிலையும் நானே சொல்லிவிட்டேன். தேவிகா, குழந்தைக்குப் பெயர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். செல்லம் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதை அந்தப் பெண்களிடம் தமிழில் சொன்னேன்:

"எங்க வீட்ல தலைச்சன் பொண்ணாப் பொறந்தா செல்லம்னுதான் பேரு வைப்போம். எங்கம்மாவுக்கும் அதே பேருதான். எதுக்குன்னு இத்தன நாளா யாருக்கும் தெரியாது."

கேட்டதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததைவிட, கேட்காததைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுதான் என் தொழிலில் அதிகம். அதைக் கடை போர்டில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.