மீனாட்சிக்கு வந்த அழைப்பு

எங்கள் மாடியில் குடியிருக்கும் டீச்சருக்கு ஏதோ தபால் வழிப் படிப்பு. நேற்று அவளுக்கு வந்த பாடத்தைத் தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழுப்புக் கவர், ஓரத்தில் காய்ந்த பசை. அந்த வாசனை போதுமே, முப்பதுகளின் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தால் என் அன்றைய பக்தி முடிந்தது. அப்படிப்பட்டவனுக்கு யோகியாக வேண்டும் என்று ஆசை வந்தது பாருங்கள்! பத்திரிகை விளம்பரம் பார்த்து, தென்காசிப் பக்கத்து ஆசிரமம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். மாதம் ஒரு பாடம் வரும். மூச்சைக் கவனித்து உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வரும். தூக்கம் வராத நாளில் தும்மல் வரும்.

பாடங்களை உண்மையில் படித்தவள் என் தங்கை மீனாட்சி. பதினேழு வயதில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். கோயிலுக்குப் போவதைத் தவிர அவள் தெருவில் இறங்கியதில்லை.

"அண்ணா, மூச்சை எண்ணப்படாதுன்னு இதிலே போட்டிருக்கே, நீ எண்ணிண்டிருக்கியே?" என்று ஒருநாள் கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பாடத்தோடு கேள்வித்தாள் ஒன்றும் வரும். அவரவர் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு ஏது அனுபவம்? மீனாட்சி சொல்லச் சொல்ல நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒரு மாதம் பாடத்துக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. 'இனி எழுத்தில் சொல்ல முடியாது. நேரில் வரவும்.'

"என்னையும் அழைச்சுண்டு போறியா?" என்றாள்.

"தெருவிலே நாலு பேர் என்ன சொல்லுவா? நான் போய்க் கேட்டுண்டு வரேன்."

செங்கோட்டை ரயிலில் போனேன். ஆசிரமத்துச் சுவாமிகள் மெலிந்த மனிதர். உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டார்: "மூச்சு தானா அடங்கறப்போ ஒரு பயம் வருதுன்னு எழுதியிருந்தீங்களே, இப்பவும் வருதா?"

நான் விழித்தேன். அந்த வரியை எழுதியது என் கை. வேறெதுவும் எனக்குத் தெரியாது.

"இது யாரோட அனுபவம்?"

"என் தங்கையோடது."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?" அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பயத்தைத் தாண்டறப்போ பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். காகிதம் துணைக்கு வராது."

வீட்டுக்குள் நுழைந்ததுமே மீனாட்சி கேட்டாள். "என்ன சொன்னார்?"

"எல்லாம் சரியாப் பண்றோமாம். பாடம் முடிஞ்சுதாம்."

"அந்தப் பயத்தைப் பத்தி?"

"அது சாரமில்லேன்னார்" என்றேன். திருவனந்தபுரத்துக்காரன் எதையும் 'பெரிசில்லை' என்று தட்டிக் கழிக்கச் சொல்லும் வார்த்தை. அவமானத்தை மறைக்க அந்த நிமிஷத்தில் வந்த பொய். மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுநாளும் கச்சேரிக்குத்தான் போனேன்.

அவள் தனியாகவே சில மாதம் முயன்றாள். ஒருநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து எழுந்து வந்தாள். "சாரமில்லேன்னு சொன்னாரே அண்ணா, எனக்கு முடியலையே. என்கிட்டேதான் ஏதோ குறை" என்றாள். அதற்குப் பிறகு அவள் மூச்சைக் கவனிக்க உட்காரவேயில்லை. அன்றும் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போனேன்.

அடுத்த வருஷம் சுவாமிகள் சமாதியானதாக ஒரு கார்டு வந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். யுத்தம் முடிவதற்குள் ஒரு விஷக்காய்ச்சலில் மீனாட்சியும் போய்விட்டாள். ஆசிரமம் இருந்த இடம் இப்போது மரக்கடை என்கிறார்கள். எங்கள் வீட்டையும் இடித்தாயிற்று. அவளுக்கென்று வாழ்நாளில் வெளியிலிருந்து வந்தது, சுவாமிகள் என்னிடம் சொல்லியனுப்பிய அந்த ஒரே அழைப்பு. அது வந்த விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது.