ரெண்டு பேராத்தான் வருவோம்

டிரைவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், பள்ளிக்கூடமே முதியோர் பகல்நேர இல்லமாக மாறியபோது, அதே வேனில் வயசானவர்களை ஏற்றி இறக்கினார். ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்யாத அவரைச் சொந்தக்காரர்கள் ஒண்டிக்கட்டை என்பார்கள். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோடு அவர் வெகுகாலமாகக் குடித்தனம் நடத்துவது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அண்ணன் வேன் நிற்கும் இடத்துக்கே வந்தார். அண்ணனுக்கும் பிள்ளை கிடையாது.

"உனக்கென்ன குடும்பமா குட்டியா? நீ வந்து அப்பாவப் பாத்துக்கோ."

"குடும்பம் இருக்குண்ணே. வந்தா ரெண்டு பேராத்தான் வருவோம்."

"நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் வந்து அப்பாவக் குளிப்பாட்டுவாங்கன்னா சொல்லுங்க, நான் வரல."

அண்ணன் சம்பளத்துக்கு ஆள் தேடி அலைந்தார். இளவட்டமே அருகிப்போன இடத்தில் ஆளுக்கு எங்கே போவது? கடைசியில் அண்ணன் இறங்கிவர, டிரைவரும் மெக்கானிக்கும் பெட்டி படுக்கையோடு அப்பா வீட்டுக்கு வந்து நடு அறையில் குடியேறினார்கள்.

முதல் நாள் குளியலறையில் அப்பா மகனின் கையைத் தட்டிவிட்டார். "பொண்டாட்டி பிள்ளைன்னு இருந்தாத்தான்டா ஆம்பள. இதெல்லாம் ஆம்பள செய்ற வேலையா?"

டிரைவர் தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். "அண்ணனுக்குத்தான் பொண்டாட்டி இருக்கே, அண்ணன் எங்க? நானும் ஆம்பளதாம்ப்பா. முதுகக் காட்டுங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டினார். மனம் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் சவரத்துக்கு மட்டும் மெக்கானிக்தான் வேண்டும். "அவனக் கூப்பிடு. நீ பண்ணா தோலயே உரிச்சிடுவ."

ஒருநாள் அண்ணனோடு சித்தப்பா பார்க்க வந்தார். மெக்கானிக் அப்பாவின் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தார். அண்ணன் முந்திக்கொண்டு, "ஒத்தாசைக்கு வெச்சிருக்கோம்," என்றார்.

டிரைவர் டீயைச் சித்தப்பா முன் வைத்தார். "ஒத்தாசைக்கு இல்ல சித்தப்பா. இவர் என் வீட்டுக்காரர்."

மெக்கானிக்கின் காது சிவந்தது. கை மட்டும் நிற்கவில்லை. சித்தப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

பல மாதம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மதியம் வந்து, வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்கண்ணே," என்றார் டிரைவர். "இங்க எதுவும் மாறல. அதுக்குச் சம்மதம்னா வாங்க."