கடலூருக்குப் போர்க்கப்பல் வந்தபோது

மொட்டைமாடியில் துணி காயப்போட ஏறிய அக்காதான் அதை முதலில் பார்த்தாள். கடலில் சாம்பல் நிறத்தில் பெரிசாக என்னமோ நிற்கிறது, சரக்குக் கப்பல் மாதிரி இல்லை என்று இறங்கி வந்து சொன்னாள். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அப்போது கடலூர் துறைமுகத்தில் மோட்டார் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல், "நேவி கப்பல். ரெண்டு நாள் நிக்கும். காலேஜ் பசங்களுக்குச் சுத்திக் காட்டப் போறாங்களாம். நாங்கதான் ஏத்திக்கிட்டுப் போய் விடணும்" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. சிதம்பரத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் வைத்திருந்தார்கள். ஒரு நாடு தன் போர்க்கப்பலை அண்டை நாட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்புவது நட்புக்காகவா, செல்வாக்கைக் காட்டவா என்பதுதான் தலைப்பு. செல்வாக்கு என்கிற பக்கத்துக்கு நான் பேச வேண்டும். நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்த கட்டுரைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேனே தவிர, ஒரு போர்க்கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பரீட்சைக் கேள்வியே எங்கள் ஊர்க் கடலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பண்ருட்டியில் இருந்த என் வகுப்புத் தோழிக்கு போன் போட்டேன். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அவளுடைய அப்பா முந்திரி வியாபாரி. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று ஒரு பை நிறைய முந்திரிப் பருப்போடு வந்து இறங்கினாள். போர்க்கப்பலுக்கு யாராவது பலகாரம் எடுத்துப் போவார்களா என்று மாமா கேட்டார். விருந்தாளிதானே மாமா என்றாள் அவள்.

துறைமுகத்தில் ஒரே கூட்டம். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் போய்வர வேண்டும். டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இலங்கையில் வேறு நாட்டுக்காரன் துறைமுகம் கட்டுகிறான், அவன் கண்ணில் படத்தான் வந்திருக்கிறது என்றார் ஒருவர். மீனவர்களுக்குப் பாதுகாப்புக்கு என்றார் இன்னொருவர். சும்மா தண்ணி பிடிக்க வந்திருக்கும் என்றார் கடைக்காரர்.

அடையாள அட்டையைக் காட்டி மாமாவின் படகில் ஏறினோம். முகத்துவாரத்தைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. தோழி முந்திரிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. கிட்டப் போகப் போக அந்தச் சாம்பல் சுவர் வானத்தில் பாதியை மறைத்தது. பக்கவாட்டில் தொங்கிய ஏணியைப் பிடித்து ஏறினோம்.

மேலே பெயிண்ட் வாசனையும் டீசல் வாசனையும். எங்களைச் சுற்றிக் காட்ட வந்த அதிகாரிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தையும் ரேடாரையும் காட்டினார். முன்னால் இருந்த பீரங்கியின் அருகில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ள முண்டியடித்தபோது, நான் அவரிடம் என் விவாதத்தைப் பற்றிச் சொல்லி, வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும்போது என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டேன்.

சிரித்துவிட்டுச் சொன்னார். முதல் வேலை பெயிண்ட் அடிப்பதாம். துரு ஒரு பொட்டுகூடத் தெரியக்கூடாதாம். கரையை நெருங்கும்போது எல்லோரும் வெள்ளை உடுப்பில் வரிசையாகத் தளத்தின் ஓரத்தில் நிற்க வேண்டுமாம். பிறகு அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கப்பலிலேயே விருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது, உள்ளூர்க்காரர்களோடு கால்பந்து. "சண்டைக்குப் போற கப்பல் யாரு கண்ணுலயும் படாமத்தான் போகும். நாலு பேரு பார்க்கணும்னு போறதுதான் இந்த மாதிரிப் பயணம்" என்றார்.

சுனாமி சமயத்தில் பக்கத்துத் தீவு நாடு ஒன்றுக்கு அரிசியும் குடிதண்ணீரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போனதையும் சொன்னார். மற்ற நாட்டுக் கப்பல்கள் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் அவசரப்படுத்தினார்களாம். அங்கே இறங்கியபோது ஒரு கிழவர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று சொல்லி, தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இந்த பீரங்கி?" என்று கேட்டேன்.

"தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம்" என்றார். பீரங்கியின் மேல் கையை வைத்து, "ஆனா கழட்டி வச்சிட்டுப் போகல" என்றார்.

அத்தனை கட்டுரைகளிலும் இந்த ஒரு வரி இல்லை. அதற்குள் தோழி முந்திரிப் பையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கப்பலின் சின்னம் போட்ட தொப்பிகளை எங்கள் இருவருக்கும் கொடுத்தார். திரும்பி வரும்போது அவள் அலைக்குப் பயப்படவே இல்லை. காற்றில் தொப்பியைப் பிடிக்கவே அவளுக்குக் கை போதவில்லை.

மறுநாள் சிதம்பரத்தில் விவாதம். ரயில் பாதையை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ரயில் இல்லை; பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் எப்போது கடந்தது என்று தெரியாது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எதிர்ப்பக்கத்துக்குப் பேசியவன் தேவனாம்பட்டினத்துக்காரன், மீனவக் குடும்பம். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன், அன்று மெதுவாகப் பேசினான். "சுனாமிக்கு அப்புறம் எங்க கரையில எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு உக்காந்திருந்தோம். தூரத்துல நேவி கப்பல் தெரிஞ்சுது. எங்கம்மா அன்னைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாங்க. இதுல எங்க இருக்குது செல்வாக்கு?"

நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் உதிர்ந்துபோயிற்று. எழுந்து நின்றேன். கட்டுரைக் காகிதங்களை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

"உங்கம்மா சாப்பிட்ட சோறு அந்தக் கப்பல்ல இருந்து வரல. கப்பல் கண்ணுல தெரிஞ்சதால சாப்பிட்டாங்க. ஒண்ணுமே செய்யாம, தூரத்துல நின்னே அது ஒரு மனுஷிக்கு தைரியம் குடுத்துது. இதே மாதிரி தூரத்துல நின்னே இன்னொருத்தருக்கு பயத்தையும் குடுக்கும். அதுக்குப் பேருதான் செல்வாக்கு" என்றேன்.

பிறகு தார்ப்பாய் மூடிய பீரங்கியைப் பற்றிச் சொன்னேன். அந்த அதிகாரியின் அன்பு நடிப்பில்லை, கிழவரின் கை உண்மை, பீரங்கியும் உண்மை, இரண்டும் ஒரே கப்பலில்தான் போயின என்று சொன்னேன். எங்கிருந்து அத்தனை சொற்கள் வந்தன என்று எனக்கே தெரியவில்லை.

அவன் சிரித்தான். "எனக்கும் சேத்து நீயே பேசிட்ட" என்றான்.

யார் வென்றது என்று எங்கள் ஆசிரியை கை தூக்கச் சொல்லியிருப்பார். அதற்குள் என் தோழி எழுந்து, கப்பல் இன்று சாயங்காலம் கிளம்புகிறது, இப்போது பஸ் ஏறினால் பார்க்கலாம் என்றாள். ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் வரேன் என்று கைப்பையை எடுத்தார்.

கடலூர் பஸ்ஸில் முக்கால்வாசி நாங்கள்தான். டிரைவரிடம் யாரோ விஷயத்தைச் சொல்ல, அவரும் விரட்டி ஓட்டினார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் திருவிழாக் கூட்டம். குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சுண்டல்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். கப்பல் மெல்லத் திரும்பியது. வெயில் பட்டு அதன் பக்கம் முழுவதும் மின்னியது. தளத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் வரிசையில் நின்றதைப் பார்த்ததும் கரையில் கைதட்டல் எழுந்தது. விவாதத்தில் என்னை எதிர்த்தவன் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தான். அவர் புடவைத் தலைப்பைக் கண்ணுக்குமேல் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை.

அந்த வருடம் எம்.பில். சேர்ந்தபோது ஆய்வுக்குத் தலைப்பு யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. அண்டைக் கடல்களில் போர்க்கப்பல் பயணங்கள் என்று அங்கேயே நின்று சொன்னேன். மீனும் முந்திரியும் கிடைக்கிற ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு இது எதற்கு என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். நான் கடலூர்க்காரி சார், எங்க ஊருக்கு அது வந்துச்சு என்றேன்.