அன்னமாகிப் போன தரை

போன ஞாயிறு வெம்பிளியில் ஒரு சாமத்திய வீடு; பெரியபிள்ளையான மகளுக்கு மண்டபம் எடுத்துச் செய்த பூப்பு விழா. பெண்ணின் தகப்பன் சிவம் அண்ணை. எங்கள் மனோர் பார்க் வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்டித் தந்த மேசன். மேடையில் பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் ஆளுயர வெள்ளை அன்னம் ஒன்று சிறகு விரித்து நின்றது. ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டியது. நல்ல கைவேலை... பொய் சொல்லக்கூடாது.

வாழ்த்தப் போன நான் அதன் வாலைப் பார்த்தேன். பச்சை மையில் ஓர் இலக்கம். என் வீட்டு இலக்கம். என் கையெழுத்து!

விசர் பிடிக்குமா, பிடிக்காதா?

குளிர் நாட்டில் மண்ணின் மேல் நேரே கொங்கிறீட் கொட்டக்கூடாது. கல் பரப்பி, பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் தடித்த ரிஜிபோம் பலகை அடுக்கி, பிறகுதான் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் நிலத்துக் குளிர் உள்ளங்காலில் ஏறும். வீட்டுப் படம் கீறியவர் இதைத் தெளிவாகவே காட்டியிருந்தார். பலகைகளும் வந்தன. பக்கத்து வீட்டுச் சாமான்களோடு கலந்துவிடாமல் இலக்கம் எழுதிவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கொங்கிறீட் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் பலகை இருக்கிறதென்று நம்பினேன். தோண்டியா பார்ப்பது?

அந்த அறை என் அக்காவுக்கு. போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தவர். மாடிப்படி ஏறமுடியாத முழங்கால்கள். அதனால்தான் கீழே கட்டினோம். கம்பளம் போட்டோம், ஹீட்டர் போட்டோம் — தரை சூடாகவே இல்லை. முழங்கால் வீங்கி, இப்போது முன்னறை சோபாவில் படுக்கிறார்.

அண்ணையை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இது என்ர பலகையெல்லே?"

"ஓம் தம்பி." கொஞ்சமும் கூச்சமில்லை! "கொங்கிறீட்டுக்குக் கீழ ஆரும் ரிஜிபோம் போடுவினமே? ரீவிப் பெட்டிக்குள்ள வாற சாமான். நசிஞ்சு, நிலம் இறங்கிப்போமெல்லே. ஊரில எத்தினை வீடு கட்டினனான், ஒண்டுக்கும் போடேல்லை."

"ஊரில குளிர் எங்கை அண்ணை?"

"சரி விடும். ஆர் நிலத்துக்குக் கீழ பாக்கப் போயினம்?"

அதுதான் விஷயம்! வீடியோக்காரனின் லைட் விழும் இடத்துக்கெல்லாம் அள்ளிக் கொட்டுவோம். லைட் விழாத இடம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற சனம் நாங்கள். தரையைப் பற்றி எங்களைவிட யாருக்கு அக்கறை இருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சிவம் அண்ணையைத் திட்டவில்லை.

"நல்ல நாளில அந்தாளோட சண்டை பிடிச்சனியே? விடு தம்பி. நான் பழகீடுவன்."

அவரில் அல்ல, அந்தச் சொல்லில் எனக்குக் கோபம் வந்தது. பங்கருக்குப் பழகினார். அகதி முகாமுக்குப் பழகினார். என் வீட்டிலுமா?

சிவம் அண்ணை, நீங்கள் இந்தப் பத்தியை வாசிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை காலை வாருங்கள் — கொங்கிறீட் உடைக்கிற மெஷினை நான் வாடகைக்கு எடுத்துவிட்டேன்.