வெள்ளைத்துரையிடம் மிச்சமிருந்த சொற்கள்

வெள்ளைத்துரைக்கு உடம்பில் வெள்ளையாக இருந்தது பல் ஒன்றுதான். அதையும் வெற்றிலை போட்டுச் சிவப்பாக்கி வைத்திருந்தார். பெயரில் இருந்த துரைத்தனத்தை மட்டும் விடவில்லை. மாட்டுத்தாவணிக்கும் மேலூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் பேச்சு என்றால் அவர் பேச்சுதான். மற்றவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கியதோடு சரி. ஆனையூர் வீட்டிலும் அதே கதை. மனைவி ரோகிணி எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் இவர்தான் முடித்து வைப்பார், பெரும்பாலும் தப்பாக.

பிரஷர் மாத்திரையை "எனக்கென்ன கேடு" என்று நிறுத்தியவருக்கு ஒரு காலையில் டீ கிளாஸ் கையைவிட்டு நழுவியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து, வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. திரும்பியதெல்லாம் பஸ்ஸில் கத்தியது மட்டும்தான். மனசுக்குள் டீ கேட்பார், வாயில் "படியில நிக்காதப்பா" என்று வரும். அவர் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் சூரியபிரகாஷ் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தபோது "உக்காரு மாப்ள" என்று சொல்லத்தான் நினைத்தார். "எறங்கு, எறங்கு" என்று வந்தது. பாவம், அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஊரார் பேச்சையெல்லாம் மறித்தவனுக்குத் தன் பேச்சை மறிக்கத் தன் வாயே வந்து நிற்கிறது, நல்லா வேணும் என்று வெள்ளைத்துரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் பிழையில்லாமல் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஃபாயிஸா சின்ன வயசுப் பெண். அவள்தான் விளக்கினாள். "மூளையில இடது பக்கம், நெத்திக்குப் பின்னால, சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்புற இடம் இருக்குண்ணே. அங்க ரத்தம் போகாம அடிபட்ருச்சு. அடுத்தவங்க பேசுறதப் புரிஞ்சுக்கிற இடம் காதுக்கு மேல, கொஞ்சம் பின்னால இருக்கு. அது தப்பிச்சிருச்சு. அதான் நாங்க பேசுறது உங்களுக்கு வெளங்குது. சொல்லிச் சொல்லிப் பழகுனது, பாட்டு, வசவு, இதெல்லாம் யோசிக்காம வர்றது. அதுக்கு மூளைக்குள்ள வேற வழியும் இருக்கும்னு சொல்றாங்க."

"வசவு நல்லா வருது தாயி" என்றாள் ரோகிணி.

பிறகு ஃபாயிஸா, ரோகிணியின் சொந்த ஊர் எது என்று கேட்டாள். வெள்ளைத்துரை திணறினார். நெற்றியைத் தட்டினார். சட்டென்று எழுந்து நின்று கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கினார். "மாட்டுத்தாவணி, உத்தங்குடி, ஒத்தக்கடை, சிட்டம்பட்டி, தெற்குத்தெரு!" அங்கே நிறுத்தி மேசையை அடித்தார். அதேதான். ஃபாயிஸா கைதட்டினாள்.

"சரிண்ணே, இவங்க பேரு என்ன?"

மாமியார் ஊர் வரை போன வண்டி மனைவி பெயருக்குப் போகவில்லை. ஃபாயிஸாவின் முகம் சுருங்கியது. அம்மா தாயே, இதற்கு மூளையில் விழுந்த அடைப்பைக் குற்றம் சொல்லாதே என்று கத்தவேண்டும்போல் இருந்தது அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஒருநாளும் சொல்லாத பெயருக்கு எங்கிருந்து தடம் விழும்?

"அக்கா, அப்ப நீங்க அவர் பேரைச் சொல்லுங்க. கேட்டுட்டு அவர் திருப்பிச் சொல்லட்டும்."

ரோகிணி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வெள்ளைச் சுவரைக் காட்டினாள். தலையில் தொப்பி வைப்பதுபோல் கையை வைத்து, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

"செவுரா? போலீஸா?" ஃபாயிஸா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கவலையோடு கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு எப்பருந்து இப்படி இருக்கு?"

வெள்ளைத்துரை எச்சில் ஒழுகச் சிரித்தார்.

"புருஷன் பேரச் சொன்னா ஆயுசு கொறைஞ்சிரும் தாயி" என்றாள் ரோகிணி. அதைக் கேட்டு யாராலும் சிரிக்க முடியவில்லை. அந்த ஆயுசு இப்போதுதான் எல்லை வரை போய்த் திரும்பி வந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரே எண்ணம். "இந்தா"வும் போய்விட்டது. அவளைக் கூப்பிட வேண்டுமானால் தட்டைத் தட்டுகிறார். காக்காய்க்குச் சோறு வைக்கிறவன்கூட வாயால் கூப்பிடுகிறான். தட்டு எட்டாத இடத்தில் தான் விழுந்தால் என்ன செய்வது, அவள் விழுந்தால் என்ன செய்வது என்று பயமாகவே இருந்தது. எப்பாடுபட்டாவது அந்தப் பெயர் வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று தினமும் முயன்றார். "ரோ" என்று தொடங்குவார், வாய் பழக்கப்பட்ட பக்கம் திரும்பிவிடும். "ரை... ரைட், போலாம்!" கண்ணாடியில் இருந்த ஆள் எங்கேயும் போகவில்லை.

தெற்குத்தெருவில் ரோகிணியின் தம்பி மகளுக்குக் காதுகுத்து வந்தது. மேலூர் பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. பெண்கள் பக்கம் முன்வாசலில் ரோகிணி ஏறிக்கொண்டாள். வெள்ளைத்துரை பின்னால் ஏறி, கடைசிச் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுக் கண்டக்டர் விசில் ஊதும் லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஒத்தக்கடையில் மூட்டையோடு ஒரு அம்மா இறங்க, வழிவிடுவதற்காக ரோகிணியும் கீழே இறங்கி நின்றாள். புதுப் பையன் கூட்டத்துக்குள் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். டிரைவர் கியரில் கை வைத்தார். ஜன்னல் வழியே இதைப் பார்த்தவர் வெள்ளைத்துரை ஒருவர்தான்.

எழுந்தார். வாயைத் திறந்தார்.

"ரைட், போலாம்!"

அடடா, என்ன குரல்! தொழில் சுத்தம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். வெளியே ரோகிணி கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். செருப்பு ஒன்று கழன்றது. கட்டினவளை நட்டநடு ரோட்டில் விட்டுவிட்டுப் போக உத்தரவு கொடுத்த வாயை அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். யோசிக்க நேரமில்லை.

"ஏ ரோகிணீ!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு தரம், "ரோகிணீ!" டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

ரோகிணி ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க ஏறினாள். முகம் சிவந்திருந்தது. கூட்டத்துக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள்: "யோவ் வெள்ளத்துர! போகச் சொன்னதும் நீதான், நிக்கச் சொன்னதும் நீதானா?"

சொன்ன பிறகுதான் தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு மேலே கண் கலங்கியது. பஸ் சிரித்தது. வெள்ளைத்துரைக்கு எதுவும் ஆகவில்லை, ஆயுசு அப்படியே இருந்தது. அவள் பெயரை இன்னொருமுறை நிதானமாகச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டு, உதட்டைக் குவித்து, முழு மனதோடு வாயைத் திறந்தார்.

"உள்ள போ, உள்ள போ" என்று வந்தது.

நின்றிருந்த சனம் பழக்கதோஷத்தில் நகர்ந்து வழிவிட்டது. ரோகிணி அந்த வழியிலேயே ஆண்கள் பக்கம் கடைசிவரை நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.